வேவ் பூல் அத்தை

நாங்கள் குடியிருக்கும் நெதர்லாந்து ஊரில் என் மகள் தியாவை இதுவரை தூக்கியவர்கள் நானும் அவள் அப்பாவும் சில நர்சுகளும்தான். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். கையை மட்டும் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அங்கே அதுதான் மரியாதை. ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. பழகியதன் பலன், அவள் பிறந்த நாளிலிருந்து என் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சும்மா இருந்ததில்லை. தோசை திருப்புவது, பல் தேய்ப்பது எல்லாம் ஒற்றைக் கையில்தான்.

கோவை விமான நிலையத்தில் பெட்டி வந்து சேரும் முன்பே அந்த மரியாதை காற்றில் போயிற்று. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "ஏனுங் கண்ணு, நீங்க பெட்டிய எடுங்க, அம்மணிய இங்க குடுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தியா அவர் இடுப்பில் இருந்தாள். என் கணவர் செந்தில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி வந்ததும் குழந்தையைத் திருப்பிக் கொடுத்து, "லேசா சளி கட்டியிருக்குதுங்க, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அந்த அதிர்ச்சி தெளிய எனக்கு மதுக்கரை வரை ஆயிற்று.

மதுக்கரை செந்திலின் ஊர். எனக்குக் காங்கேயம், அப்பா அங்கே தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். கல்யாணம் முடிந்த கையோடு விமானம் ஏறிய ஆட்கள் நாங்கள். மண்டபத்தில் வரிசையாக வந்து கையைப் பிடித்த நூற்றுக்கணக்கான முகங்களில் அவர் பக்கத்தில் எனக்குப் பத்துப் பேரைத் தெரியும், என் பக்கத்தில் அவருக்கு அதுவும் தெரியாது.

இது ஒரு பெரிய சங்கடம். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரரைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்பதைப் போல ஓர் அவமானம் கிடையாது. கேட்டால் தலைமுறைக்கும் பேச்சு நிற்கும். அதனால் முகம் தெரியாவிட்டாலும் "வாங்கத்தை, நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பித்துவிட வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரிய பெண்மணிகள் எல்லாரும் அத்தை. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டுப் பெரிய பெண்மணிகளும் அத்தைதான். மீதியைப் பேச்சுக் கொடுத்துத் துப்புப் பிடித்துக்கொள்ளலாம். முதல் நாள் குழந்தையைப் பார்க்க வந்த எல்லாரையும் நான் இப்படித்தான் சமாளித்தேன். "வெளிநாடு போயும் மறக்கல பாரு" என்று நல்ல பெயர் கூடக் கிடைத்தது.

அன்று சாயங்காலம் செந்திலின் அண்ணன் மனைவி கவிதா அக்கா ஒரு குண்டைப் போட்டார். மறுநாள் எல்லாரும் தீம் பார்க் போகிறோம், வேன் சொல்லியாகிவிட்டது. இன்னும் உட்காரவே தடுமாறுகிற குழந்தையை வைத்துக்கொண்டு தீம் பார்க்கா என்று கேட்டேன். "கொழந்தைக்காகத்தான் போறதே" என்றார் அக்கா. அதற்குமேல் நான் என்ன பேச?

வேன் முதலில் காந்திபுரம் போனது. காங்கேயத்திலிருந்து வரும் என் பக்கத்து ஆட்களை அங்கே ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. பாதிப் பேர் ஏறியதும் போலீஸ்காரர் விசிலடித்து வண்டியை நகர்த்தச் சொன்னார். வேன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மீதிப் பேர் எதிர்ப்பக்கம் போய் நின்றிருந்தார்கள். இன்னொரு சுற்று. அப்போது என் சித்தப்பா டீ குடிக்கப் போயிருந்தார். டவுன் பஸ்களுக்கு நடுவே அவரை ஓடுகிற வேனில் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். நெதர்லாந்தில் இதற்கு லைசென்ஸ் போய்விடும். இங்கே டிரைவர், "சித்தப்பா, டீ எப்படிங்க?" என்று கேட்டார். இந்த அமளியில் யாரும் யாரையும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்கள்.

பார்க் வாசலில் வெளிச் சாப்பாடு கூடாது, குழந்தைக்கு மட்டும் விதிவிலக்கு என்று போர்டு. பையைச் சோதித்த காவலாளி தியாவின் டயப்பர்களுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய டிபன் கேரியரை வெளியே எடுத்தார். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"இதென்னங்கக்கா?"

"கொழந்தைக்குச் சோறுங்க" என்றார் கவிதா அக்கா.

"அஞ்சடுக்குங்களா?"

"எங்க பாப்பா நல்லாச் சாப்புடுவாங்க."

காவலாளி தியாவைப் பார்த்தார். அவள் இரண்டு பல்லைக் காட்டினாள். அக்காவைப் பார்த்து முகத்துக்கு நேரே பொய் சொல்கிறீர்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பாத்துக் குடுங்கக்கா, செரிக்கோணும்" என்று கேரியரைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

உள்ளே அடுத்த அதிர்ச்சி. பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம், நைலான் உடுப்பு வாடகைக்குத் தருகிறார்கள். வெள்ளை வேட்டி இல்லாமல் நான் பார்த்தே இராத என் சித்தப்பா, ஊதா நிறத்தில் செம்பருத்திப் பூப்போட்ட அரை டிரவுசரில் வெளியே வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நிமிர்ந்து நடந்தார்.

தியாவை எந்த விளையாட்டிலும் ஏற்றவில்லை. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு கோமாளி பொம்மை கையை நீட்டிக்கொண்டு நின்றது, அந்தக் கை உயரம் இருந்தால்தான் அனுமதி. குழந்தைக்காக வந்தவர்கள் எல்லாரும் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். ஸ்பீக்கரில் குத்துப் பாட்டு, வெயில், குளோரின் நாற்றம், இடுப்பில் நெளிகிற பிள்ளை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோமாளியின் கையை முறித்திருப்பேன்.

செயற்கை அலையடிக்கிற வேவ் பூலுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. எங்கள் பைகள் அங்கேதான் குவிந்திருந்தன. பைகளுக்கு நடுவே அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கயிறு கட்டிய கண்ணாடி, மடியில் ஒயர் கூடை. பைகளுக்கு நடுவில் அவர் வந்து உட்கார்ந்தாரா, அவரைச் சுற்றி நாங்கள் பைகளை வைத்தோமா என்பது இன்று வரை தெரியவில்லை.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "வாங்கத்தை, நல்லா இருக்கீங்களா?"

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நல்லா இருக்கறங் கண்ணு. எப்ப வந்தீங்க?"

"நேத்து வந்தோங்க. நீங்க யாரு கூட வந்தீங்க?"

"நம்ம பெரியவந்தான் கூட்டிட்டு வந்தான். மதுக்கரையில பொண்ணு ஊட்டுக்கு வந்தனா, அப்படியே இங்க இழுத்துட்டு வந்துட்டான்."

மதுக்கரை. சரி, அவர் பக்கம். துப்பு கிடைத்த நிம்மதியில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். தியா தாவிப் போனாள். காலை நீட்டி, இரண்டு காலுக்கும் இடையில் குழந்தையைப் படுக்கப் போட்டு, "அம்மணி என்ன சொல்றாங்க? அம்மணிக்கு வெய்யலுங்களா?" என்று அவர் பேச ஆரம்பித்ததும் தியா நெளிவதை நிறுத்தினாள். நான் முகம் கழுவப் போனேன். திரும்பி வரும்போது செந்திலும் அவரிடம் "அத்தை, அத்தை" என்று பேசிவிட்டு எழுந்துகொண்டிருந்தார். இவ்வளவு நெருங்கிய அத்தையை எனக்குக் கல்யாண ஆல்பத்தில் கூட ஞாபகம் இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

மத்தியானம் கேரியர் திறந்தது. அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம். பையை மறைப்பாக வைத்துக்கொண்டு எல்லாரும் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டோம். அத்தைக்கும் ஒரு தட்டு. அத்தை தன் பங்குக்கு மாத்திரைப் பையின் ஜிப்பைத் திறந்து, அரிசிமாவில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் எடுத்து நீட்டினார். "மாத்திரைப் பைய யாரு கண்ணு நோண்டிப் பாப்பாங்க" என்றார். கவிதா அக்கா சொக்கிப்போய் என் காதில், "உங்க அத்தை வெவரந்தான்" என்றார். அதென்ன 'உங்க' என்று ஒரு நொடி தோன்றியது. கச்சாயம் அத்தனை பதமாக இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நான் ஊட்டினால் துப்புகிற தியா, அத்தை பிசைந்து கொடுத்த சோற்றை வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். அத்தை என்னைப் பார்த்து, "போங்க கண்ணு, நீங்களும் எதுலயாவது ஏறி எறங்கிட்டு வாங்க. பாவம், கையெல்லாம் ஓஞ்சு கெடக்கும். அம்மணிய நான் வெச்சுக்கறேன்" என்றார்.

இதைச் சொல்ல எட்டு மாதமாக ஒருவரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "சித்த நேரம் வெச்சுக்கங்கத்தை, வாரேன்" என்றேன்.

ஒரு பெரிய ஊஞ்சல் மாதிரி இருந்ததில் போய் ஏறினேன். அது மேலே போய்த் தலைகீழாக நின்றபோது இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். எதற்குக் கத்தினேனோ தெரியாது, அவ்வளவு நன்றாக இருந்தது. இறங்கி மறுபடியும் வரிசையில் நின்றேன். மறுபடியும் கத்தினேன்.

திரும்பி வந்தபோது பெஞ்சில் பைகள் இருந்தன. அத்தை இல்லை, தியா இல்லை. நான் கவலைப்படவில்லை. எங்கேயாவது நிழலில் உலாத்திக்கொண்டிருப்பார் என்று உட்கார்ந்து ஒரு கச்சாயம் தின்றேன். செந்தில் வேவ் பூலிலிருந்து சொட்டச் சொட்ட வந்தார், பின்னாலேயே கவிதா அக்காவும் சித்தப்பாவும்.

"கொழந்தை எங்க?"

"உங்க அத்தைகிட்ட."

"எங்க அத்தையா? உங்க அத்தைன்னு சொல்லு."

"எங்களுக்கு ஏதுங்க இப்படி ஒரு அத்தை? மதுக்கரையில பொண்ணு ஊடுன்னாங்க."

"காங்கேயத்துல மழையே இல்ல, வெய்யலு காயுதுன்னு எங்கிட்டச் சொன்னாங்க. உங்க ஊருன்னுதான நான் மாப்ள மாதிரி உக்காந்து பேசுனேன்."

இரண்டு பேரும் கவிதா அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. "நான் அவ பக்கம்னு நெனச்சேன் சாமி" என்றார். செம்பருத்தி டிரவுசரில் நின்ற சித்தப்பா, "நான் மாப்ள ஊட்டு ஆளுகன்னு நெனச்சு, ஊட்டுக்கு வாங்கன்னு கூடச் சொல்லிப்போட்டனே" என்றார்.

கூடவே சோறு தின்ற பெண்மணியின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊர் தெரியாது, மகன் யார் என்று தெரியாது, போன் நம்பர் தெரியாது. நன்றாகக் கச்சாயம் சுடுவார் என்பது மட்டும்தான் தெரியும். அந்த மனுஷியிடம் என் பிள்ளையைக் கையில் எடுத்துக் கொடுத்து, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். திருடிக்கொண்டு போகவில்லை, நானே கொடுத்தேன்.

ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "கொழந்தையோட ஒரு அம்மாவப் பாத்தீங்களாங்க" என்று எதிரில் வந்தவர்களை எல்லாம் கேட்டேன். கேட்டவர்கள் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். பார்க் முழுக்கக் குழந்தையோடு இருக்கிற அம்மாக்கள்தான். எல்லார் இடுப்பிலும் யாரோ ஒரு குழந்தை. எது யாருடையது என்று அந்த இடத்தில் யாரால் சொல்ல முடியும்? பெற்றவள் நானே முகத்தை விட்டுவிட்டுச் சட்டை நிறத்தைத் தேடிக்கொண்டு ஓடினேன். மஞ்சள் சட்டை. மஞ்சள் சட்டையில் நாலு குழந்தைகள் இருந்தன, நாலும் தியா இல்லை.

குழந்தைகள் ரயில் நிற்கிற இடத்தில் ஒரு கூட்டம். வட்டமாக நின்றார்கள், தலைக்கு மேல் செல்போன்கள். உள்ளேயிருந்து ஒரு காவலாளியின் குரல் கேட்டது.

"சொந்தக்காரங்க கொழந்தைங்கறீங்க, பேரென்னம்மா?"

"அம்மணிங்க."

"எல்லாக் கொழந்தையும் அம்மணிதாங்க. வெச்ச பேரு?"

காலையிலிருந்து நாங்கள் யாருமே அவர் முன்னால் தியா என்று கூப்பிடவில்லை. அம்மணி, கண்ணு, சாமி என்றுதான் கூப்பிட்டோம்.

"அப்பா பேராவது தெரியுங்களா?"

"மாப்ளைங்க... நல்லாத்தான் பேசுனாருங்க..."

செல்போன் பிடித்திருந்த ஒருவன், "வாட்ஸப்புல வந்துதில்ல, இப்படித்தான் பாக்க டீசண்டா இருப்பாங்களாம்" என்றான். ஒரு பெண், "மொதல்ல கொழந்தைய வாங்குங்க, அப்பறம் வெசாரிச்சுக்கலாம்" என்றாள். இன்னொருவன் போலீஸ் வருவதற்குள் நாலு போடலாம் என்று சொன்னதும் என் காதில் விழுந்தது.

"அவங்கம்மா வந்தாத்தாங்க குடுப்பேன்" என்றது அத்தையின் குரல். "எங்கையிலதான குடுத்துட்டுப் போனாங்க. அவங்க கையிலதான் குடுப்பேன்."

நான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்தேன். அத்தையின் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும், ஜாக்கெட் தோளில் கிழிந்திருந்தது. இன்னொரு கையால் தியாவை மார்போடு அணைத்திருந்தார். தியா கண்ணாடிக் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அத்தை அவளை என் கையில் கொடுத்தார். நான் பிள்ளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

காவலாளி நான் நிமிரும் வரை காத்திருந்தார். பிறகு, "இவங்க உங்களுக்கு யாருங்க?" என்று கேட்டார்.

கூட்டம் அடங்கியது. செல்போன்கள் என் பக்கம் திரும்பின. தெரியாது என்பதுதான் உண்மை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. அத்தை கெஞ்சவில்லை. என் பதிலுக்காக, அவரும் தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க பெரியம்மாங்க" என்றேன்.

அதே நேரத்தில் எனக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற செந்தில், "எங்க சித்திங்க" என்றார்.

காவலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே, முறை சொல்லித் தர வேண்டியதில்லை. "உங்களுக்குப் பெரியம்மா, அவருக்குச் சித்தின்னா, நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியில்லீங்களா ஆகோணும்?" என்றார்.

செந்தில் கையிலிருந்த துண்டைப் பிழிந்தார். கூட்டத்தில் மறுபடி முணுமுணுப்பு எழும்பியது. அப்போது அத்தை கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"மாப்ள பதட்டத்துல மாத்திச் சொல்லிப்போட்டாருங்க. இந்தக் கண்ணுக்கு நான் பெரியம்மா. மாப்ளைக்கு அத்தை. அதுதானுங்க முறை."

காவலாளி மனதுக்குள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. "பேரச் சொல்லிக் குடுத்துட்டுப் போகோணுமுங்க" என்று என்னைக் கடிந்துவிட்டு, கூட்டத்தை விரட்டினார். செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நாலு போடலாம் என்றவன் ஐஸ்கிரீம் வாங்கப் போனான்.

அத்தையைப் பெஞ்சுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தோம். கவிதா அக்கா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அத்தை குடித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"ஏனுங் கண்ணு, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க யாரு ஊட்டுப் புள்ளைங்க?"

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. நான் அத்தை என்றதும் ஏதோ மறந்துபோன சொந்தம் என்று நினைத்தாராம். யாரென்று கேட்டால் என் மனசு நோகுமே என்று கேட்கவில்லையாம். அலை விடுவதற்கு முன்னால் ஊதுகிற சங்குச் சத்தத்தில் தியா வீறிட்டு அழுதிருக்கிறாள். சத்தமில்லாத இடமாகப் பார்த்து நடந்தவருக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. வழி கேட்கத்தான் காவலாளியிடம் போயிருக்கிறார். அவருடைய செல்போன் மகனின் லாக்கரில் இருந்தது. மகன் பிள்ளைகளோடு இன்னும் ஏதோ வரிசையில் நின்றான், அவனுக்கு இது எதுவுமே தெரியாது.

நான் மில்லைச் சொன்னேன், தாத்தா பெயரைச் சொன்னேன். அவர் தன் ஊரைச் சொன்னார், பெண் எடுத்த ஊர்களைச் சொன்னார். செந்திலும் சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி நாலு பேர் பேசினால் எங்காவது ஒரு கொடி சுற்றிவந்து ஒட்டிவிடும். அன்று எவ்வளவு சுற்றியும் ஒட்டவில்லை. ஒரு சொந்தமும் இல்லை.

தியா என் கையிலிருந்து அவரிடம் தாவினாள். அத்தை சட்டென்று இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாங் கண்ணு. இன்னைக்குப் பட்டது போதும்."

பிள்ளை காணாமல் போனபோது கூட எனக்கு நெஞ்சு இப்படி வலிக்கவில்லை. பேருந்தில் கோட்டுப் பைக்குள் கையை வைத்திருக்கிற ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

நான் எழுந்து தியாவை அவர் மடியில் உட்கார வைத்தேன். "பெரியம்மா, இவ பேரு தியா. நான் பாத்ரூம் போகோணும். சித்த நேரம் வெச்சுக்கங்க, வாரேன்" என்றேன். அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கைகள் மெதுவாக வெளியே வந்தன.

எனக்குப் பாத்ரூம் போக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு கைகளையும் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, கோமாளி பொம்மை வரை நடந்தேன். திரும்பிப் பார்க்காமல் போனேன் என்று எழுதத்தான் ஆசை. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். இரண்டு தடவையும் பெரியம்மா தியாவின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்.